பழைய பிளக் கணினியை எழுப்ப எந்தக் கம்பி, எந்த வழி, எந்த லினக்ஸ்?

கைபேசி சார்ஜரை ஊதிப் பெருக்க வைத்தாற்போல ஒரு பெட்டி. சுவரில் செருகினால் அதுவே ஒரு லினக்ஸ் சர்வர். 2009 பிப்ரவரியில் மார்வெல் நிறுவனம் ஷீவாபிளக்கை 99 அமெரிக்க டாலருக்கு அறிமுகப்படுத்தியபோது, 1.2 கிகாஹெர்ட்ஸ் கிர்க்வுட் சில்லும் 512 மெகாபைட் ரேமும் அதே அளவு நாண்ட் ஃபிளாஷ் சேமிப்பகமும் தாராளமாகவே பட்டன. அதே கிர்க்வுட் குடும்பத்தில் குருபிளக், டிரீம்பிளக், போகோபிளக், சீகேட்டின் டாக்ஸ்டார், கோஃபிளெக்ஸ் நெட் என்று வரிசையாக வந்தன. இவற்றில் ஒன்றைச் சிங்கப்பூரில் கரோசல் என்ற பழைய பொருள் தளத்தில் சில வெள்ளிக்கு வாங்கியவர்களும், அலுவலகத்தில் கழித்துக் கட்டும்போது கையோடு எடுத்து வந்தவர்களும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதுல எந்த லினக்ஸ் போடலாம்?"

நான் திருப்பிக் கேட்பது: பவர் போட்டதும் சீரியல் கன்சோலில் என்ன வருகிறது, தம்பி? இந்தப் பெட்டிகளில் திரை மாட்டவும் விசைப்பலகை மாட்டிப் பேசவும் வழி கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரே வாய் அந்த சீரியல் போர்ட்தான். எந்த லினக்ஸ், எந்த வழியில், எவ்வளவு ஆபத்தோடு என்பதெல்லாம் அங்கே வரும் முதல் பத்து வரியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மின்கட்டணக் கணக்கை முதலிலேயே முடித்துவிடுவோம். 5 வாட் பெட்டி ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 44 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 13 வெள்ளி. சும்மாவே 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பைச் சர்வராக வைத்தால் 150 வெள்ளியைத் தாண்டும். ஆகவே இதை எழுப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை முட்டாள்தனம் இல்லை. ஆனால் எதற்காக எழுப்புகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

எந்தக் கம்பி

ஷீவாபிளக் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பக்கவாட்டில் இருக்கும் மினி யூஎஸ்பி துளையே சீரியல் கன்சோல். சீரியலை யூஎஸ்பியாக மாற்றும் எஃப்டிடிஐ சில்லு உள்ளேயே இருக்கிறது, சாதாரணக் கேபிள் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அந்தச் சில்லுக்கு இரண்டு வாய்க்கால்: ஒன்று ஜேடாக்குக்கு (சில்லுக்குள் நேரடியாகக் கைவைக்கும் வழி), மற்றது சீரியலுக்கு. பழைய லினக்ஸ் மடிக்கணினியில் இரண்டு சீரியல் போர்ட்கள் தெரியும், இரண்டாவதுதான் கன்சோல். புதிய கெர்னல்கள் ஜேடாக் வாய்க்காலைத் தாமே ஒதுக்கிவிடுவதால் ஒன்று மட்டும் தெரியும். பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு இரண்டாவது போர்ட்டைத் தேடி அலைய வேண்டாம்.

குருபிளக்குக்கும் டிரீம்பிளக்குக்கும் தனியாக ஒரு சின்ன ஜேடாக்-சீரியல் பெட்டி வேண்டும். பழைய சாமான் வாங்கும்போது அது கூடவே வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வராவிட்டால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

போகோபிளக், டாக்ஸ்டார், கோஃபிளெக்ஸ் நெட் ஆகியவற்றில் மூடியைக் கழற்றி, உள்ளே பலகையில் இருக்கும் பின்களில், மடிக்கணினியின் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் யூஎஸ்பி-டிடிஎல் கம்பியை மாட்ட வேண்டும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவருக்குப் போனால் உதிரிபாகக் கடைகளில் இதைக் கேட்டு வாங்கலாம். கேட்கும்போது "3.3 வோல்ட்" என்று அழுத்திச் சொல்லுங்கள். பழைய கணினியின் ஒன்பது பின் ஆர்எஸ்-232 கேபிளை நேரடியாக மாட்டினால் அதன் கூடுதல் மின்னழுத்தத்தில் சில்லு போய்விடும். எஃப்டி232, சிபி2102, சிஎச்340 எந்தச் சில்லு இருந்தாலும் இந்த வேலைக்குச் சரிதான். கிரவுண்டு, டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) என்று மூன்று கம்பி மட்டும். பெட்டியின் டிஎக்ஸ், கம்பியின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், மறுபக்கமும் அப்படியே. சிவப்புக் கம்பியை எதிலும் மாட்டாதீர்கள். பெட்டிக்கு அதன் சொந்த பவர் இருக்கிறது.

டெர்மினலில் வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். எழுத்து குப்பையாக வந்தால் வேகத்தையும் கிரவுண்டையும் பாருங்கள். எழுத்து நன்றாக வந்து, தட்டுவது மட்டும் போகவில்லை என்றால், மினிகாம் டெர்மினல் நிரலில் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தானாகவே திறந்திருப்பது அதன் வழக்கம், மூன்று கம்பி இணைப்பில் அது வாயை அடைத்துவிடும். நான் ஸ்கிரீன் அல்லது பிகோகாமையே விரும்புகிறேன், தொந்தரவு குறைவு.

மூடியைக் கழற்றுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போகோபிளக்கின் நான்காம் பதிப்பு, டாக்ஸ்டார், கோஃபிளெக்ஸ் நெட் எல்லாம் வெளி அடாப்டரில் ஓடுபவை. திறந்த பலகையில் குறைந்த மின்னழுத்தம்தான். ஷீவாபிளக்கிலோ பவர் சப்ளையும் அதே உறைக்குள் இருக்கிறது. திறந்துவிட்டு நம் 230 வோல்ட் பிளக்பாயிண்டில் செருகி விரல் வைப்பது விளையாட்டல்ல. வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். போகோபிளக்கும் டாக்ஸ்டாரும் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தவை. அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மூன்று முள் மாற்றியில் செருகுங்கள்.

கம்பியே இல்லாமல் முடியாதா? நெட்கன்சோல் என்று ஒன்று உண்டு. பவர் வந்ததும் லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரான யூ-பூட்டின் பேச்சை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்புவது. மூடியைத் திறக்க மனமில்லாதவர்கள் அதைக் கொண்டாடுவார்கள். ஆனால் யூ-பூட் நலமாக இருந்து, அதில் முன்கூட்டியே அமைப்பைச் செய்து வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். யூ-பூட்டே போய்விட்ட அன்று நெட்கன்சோலால் ஒரு பயனும் இல்லை. நெட்வொர்க்கில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிறுவுகிறவர்களுக்கும் இதே நிலைதான். பத்து வெள்ளிக்குள் அடங்கும் கம்பியை மிச்சம் பிடிக்க இந்த வழிக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

யூ-பூட் பேசினால்

பவர் போட்டதும் யூ-பூட்டின் பெயரும், ரேம் அளவும், ஏதாவது ஒரு விசையைத் தட்டி நிறுத்தலாம் என்ற எண்ணிக்கையும் வந்தால் உங்கள் பெட்டி சாகவில்லை. கெர்னலோ, லினக்ஸின் கோப்புகள் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டமோதான் கெட்டிருக்கிறது. எண்ணிக்கை முடிவதற்குள் ஒரு விசையைத் தட்டி நிறுத்துங்கள். நிறுத்தியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சூழல் மாறிகள் முழுவதையும் அச்சிடச் சொல்லும் பிரிண்ட்என்வ் கட்டளை. வருவதை அப்படியே ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். அதில்தான் பெட்டியின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கென்று உள்ள தனி அடையாள எண், இருக்கிறது. பிறகு யூ-பூட்டை மாற்றும்போது அது அழிந்தால், வீட்டில் இருக்கும் இரண்டு பிளக்கும் ஒரே மேக் முகவரியோடு ரவுட்டரிடம் போய் நின்று குழப்பும்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடலாம். சில்லுக்குள் எரித்துவைத்திருக்கும் பூட்ராமின் பதிப்பு. நினைவக முகவரி எஃப்எஃப்எஃப்எஃப்003சி-இல் ஒரு சொல்லை எம்டி கட்டளையால் படித்தால் 121 அல்லது 111 என்று முடியும். இந்த எண் ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில்.

நிறுவும் கோப்புகளை ஏற்ற இரண்டு வழி: யூஎஸ்பி குச்சி, அல்லது நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்பும் டிஎஃப்டிபி. குச்சிதான் எளிது. ஆனால் 2009 காலத்து யூ-பூட்களின் யூஎஸ்பி பிடிவாதக்காரர். சில குச்சிகளைக் கண்டுகொள்ளவே மாட்டார். இரண்டாவது குச்சியும் தெரியவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் டிஎஃப்டிபிக்கு மாறிவிடுங்கள். மடிக்கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் இருந்தால் அதிலேயே டிஎஃப்டிபி சர்வரும் அடங்கியிருக்கிறது. பெட்டிக்கு ஒரு ஐபி, சர்வருக்கு ஒரு ஐபி என்று யூ-பூட்டில் அமைத்தால் போதும். ரவுட்டர் வழியாகப் போகாமல் ஈதர்நெட் கேபிளை நேராக மடிக்கணினிக்குச் செருகுவது இன்னும் சுலபம்.

சீரியல் கம்பியிலேயே எல்லாவற்றையும் அனுப்பலாமே என்று தோன்றும். 115200 வேகத்தில் நொடிக்குப் பதினோரு கிலோபைட்தான் போகும். கெர்னலும் இன்ஸ்டாலரும் சேர்ந்து 20 மெகாபைட் என்றால் அரைமணி நேரம், நடுவில் ஒரு பிட் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. அந்தக் கம்பி பேசுவதற்கு; மூட்டை தூக்க அல்ல.

பெட்டி ஊமையானால்

பவர் விளக்கு எரிகிறது, கன்சோலில் ஓர் எழுத்தும் இல்லை. கம்பியைச் சரிபார்த்தாயிற்று. அப்படியானால் யூ-பூட் போய்விட்டது என்று கொள்ளலாம். விளக்கே எரியாவிட்டால் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். ஷீவாபிளக்கில் முதலில் சாகும் உறுப்பு அதுதான். உறையை மாற்றி வெளியிலிருந்து 5 வோல்ட் அடாப்டர் கொடுத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். நம் ஊர்ப் புழுக்கத்தில், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அடைந்து கிடக்கும் அலமாரிக்குள் வைத்தால் மின்தேக்கிகளுக்கு ஆயுள் இன்னும் குறையும்.

யூ-பூட் மட்டும் போன பெட்டிக்கு இரண்டு மருந்து: கேடபிள்யூபூட், ஜேடாக். இந்த இரண்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கேடபிள்யூபூட் எப்படி வேலை செய்கிறது? கிர்க்வுட் சில்லுக்குப் பவர் வந்ததும் முதலில் ஓடுவது அழிக்க முடியாத பூட்ராம். அந்தச் சில கணங்களில் சீரியல் வழியாக ஒரு குறிப்பிட்ட எட்டு பைட் வரிசை வந்தால், அது நாண்டைத் தொடாமல், எக்ஸ்மோடம் என்ற சீரியல் கோப்பு அனுப்பும் முறையில் ஒரு யூ-பூட் கோப்பைக் கேட்டுக் காத்திருக்கும். கேடபிள்யூபூட் அந்த வரிசையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் பவரைப் போட வேண்டும். பிடித்துவிட்டால் ஓரிரு நிமிடத்தில் யூ-பூட் ரேமில் ஏறி எழுத்து வரத் தொடங்கும். பிறகு அந்த யூ-பூட்டைக் கொண்டே நாண்டில் நல்ல யூ-பூட்டை எழுதலாம். தனிக் கருவி எதுவும் வேண்டாம், அதே மூன்று கம்பி.

இதில் உள்ள சூட்சுமம் கோப்பின் தலைப்பகுதி. கேடபிள்யூபி வகைக் கோப்பின் தலையில் ரேம் கட்டுப்பாட்டாளருக்கான பதிவேட்டு எண்கள் இருக்கின்றன. பூட்ராம் அவற்றைப் படித்து ரேமை எழுப்பிய பிறகே மீதியை ஏற்றும். அதனால் 512 மெகாபைட் ஷீவாபிளக்குக்கான கோப்பை 128 மெகாபைட் போகோபிளக்குக்குக் கொடுத்தால் ஏறுவதுபோல் ஏறி, நடுவழியில் மௌனமாகிவிடும். சில்லு ஒன்றுதானே என்று நினைக்காமல் சரியான மாதிரிக்கான கோப்பையே தேடுங்கள்.

இங்கேதான் அந்த 121, 111. பூட்ராம் 1.21 பதிப்பு இந்த சீரியல் ஏற்றத்துக்கு ஒத்துழைக்கும். 1.11 பதிப்பை நம்ப முடியாது. உங்களுடையது 111 என்று தெரிந்தால், யூ-பூட்டை மாற்றும் எண்ணத்தையே ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். தவறினால் எளிய வழி மூடியிருக்கும்.

அப்போது மிஞ்சுவது ஜேடாக். சில்லின் உள்ளே நேரடியாகக் கைவைக்கும் வழி. பூட்ராம் எந்தப் பதிப்பாக இருந்தாலும் கவலையில்லை. ஷீவாபிளக்குக்கு இது அதே மினி யூஎஸ்பி கேபிளில் கிடைக்கிறது, ஓப்பன்ஓசிடி மென்பொருளிலேயே ஷீவாபிளக்குக்கான அமைப்புக் கோப்பும் இருக்கிறது. மற்ற பெட்டிகளில் தனி ஜேடாக் கருவி வாங்கி, பலகையில் புள்ளிகளைத் தேடிப் பற்றவைத்து, அமைப்புக் கோப்பையும் நீங்களே சரிசெய்ய வேண்டும். சில வெள்ளிக்கு வாங்கிய பெட்டிக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பேன்.

ஜேடாக்கிலும் இரண்டு வகை. ஓப்பன்ஓசிடியை விட்டே நாண்டில் எழுதலாம். அது மெதுவாக நகரும். மேலும் கிர்க்வுட் எதிர்பார்க்கும் பிழைதிருத்தக் குறியீட்டு முறையைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால், எழுதியது பூட்ராமுக்குக் குப்பையாகத் தெரியும். இன்னொன்று, யூ-பூட்டை ரேமில் மட்டும் ஏற்றி ஓடவிட்டு, நாண்டில் எழுதும் வேலையை யூ-பூட்டிடமே விடுவது. நான் எப்போதும் இரண்டாவதையே சொல்வேன். யூ-பூட்டுக்குத் தன் நாண்டைத் தெரியும்.

ஆக, ஷீவாபிளக் என்றால் நேராக ஜேடாக். போகோபிளக் நான்காம் பதிப்பு போன்ற பிந்திய பெட்டிகளுக்குக் கேடபிள்யூபூட். இரண்டும் கைகொடுக்காத பெட்டி உதிரிபாகத்துக்குத்தான்.

டெபியனா, ஓப்பன்டபிள்யூஆர்டியா

ஷீவாபிளக்கோடு வந்த உபுண்டு 9.04-ஐ எங்காவது தேடிப் பிடித்து மறுபடி போடலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். அடுத்த பதிப்பிலேயே உபுண்டு இந்த ஏஆர்எம்வி5 வகைச் சில்லைக் கைவிட்டுவிட்டது. ஆர்ச் லினக்ஸ் ஏஆர்எம் திட்டமும் பின்னாளில் கைகழுவிவிட்டது. நிஜமான போட்டி டெபியனுக்கும் ரவுட்டர்களுக்கென்று உருவான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டிக்கும்தான்.

பல ஆண்டுகள் டெபியன்தான் கேள்வியே இல்லாத பதில். ஆர்மெல் என்ற பெயரில் இந்தச் சில்லுகளுக்கு முழு ஆதரவு, சீரியல் கன்சோலிலேயே ஓடும் முறையான இன்ஸ்டாலர், ஆயிரக்கணக்கான தொகுப்புகள். 2025 ஆகஸ்டில் டிரிக்ஸி என்ற டெபியன் பதிப்பு வந்ததும் நிலைமை மாறிவிட்டது. டிரிக்ஸியே ஆர்மெல்லுக்குக் கடைசிப் பதிப்பு. அதில் ஆர்மெல்லுக்கு இன்ஸ்டாலர் கிடையாது, கெர்னல் தொகுப்பும் பழைய ராஸ்பெரி பை 1, ஸீரோ, ஸீரோ டபிள்யூ ஆகியவற்றுக்கு மட்டும். ஆகவே கிர்க்வுட்டில் டெபியன் என்றால் இன்று அதன் பொருள் 2023 ஜூனில் வந்த முந்தைய பதிப்பான புக்வர்ம். டெபியன் பதிப்பு ஒன்றுக்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு மூன்று ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். பொது இணையத்தைப் பார்த்து நிற்கும் பெட்டிக்கு இது தாங்காது. வீட்டுக்குள் சத்தமில்லாமல் ஒரு வேலையைச் செய்யும் பெட்டிக்குத் தாங்கும்.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் கிர்க்வுட் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஷீவாபிளக், போகோபிளக், டாக்ஸ்டார், கோஃபிளெக்ஸ் நெட் எல்லாவற்றுக்கும் படிமங்கள் இருக்கின்றன. இடமும் ரேமும் கொஞ்சமாகவே கேட்கும். டாக்ஸ்டாரிலும் போகோபிளக் நான்காம் பதிப்பிலும் 128 மெகாபைட் ரேம்தான். டெபியனில் ஏபிடி பட்டியலைப் புதுப்பிக்கும்போதே அது மூச்சு வாங்கும். ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு அது விசாலமான வீடு. விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ், வயர்கார்டு விபிஎன், யூஎஸ்பி பிரிண்டரைப் பகிர்தல் என்று இந்தப் பெட்டி இன்று ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலைகள் எல்லாம் அதில் அடங்கும்.

அப்படியானால் ஓப்பன்டபிள்யூஆர்டியே என்று முடித்துவிடலாமா? இங்கே ஒரு முள் இருக்கிறது. டாக்ஸ்டார், போகோபிளக் போன்றவற்றில் ஓப்பன்டபிள்யூஆர்டியை நாண்டில் நிறுவ, கூடவே வரும் புதிய யூ-பூட்டையும் எழுத வேண்டும். முன்பு சொன்ன ஊமை நிலைக்குப் போகும் வாய்ப்புள்ள ஒரே படி அதுதான். ஷீவாபிளக்கில் டெபியனுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. புதிய கெர்னல்கள் கேட்கும் டிவைஸ் ட்ரீயை (பெட்டியின் வன்பொருள் விவரக் கோப்பு) கெர்னலின் வாலிலேயே ஒட்டி, பழைய யூ-பூட் விழுங்கும் வடிவத்தில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய பூட்லோடர் தெரியாமலேயே புதிய கெர்னலை ஓட்டும். பழைய யூ-பூட்டுக்கு எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தைப் படிக்கத் தெரியாது. ஆகையால் பூட் பகுதியை மட்டும் எக்ஸ்ட்2 ஆக வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதாவது ஆயுள் நீளமான தேர்வுக்கு நிறுவும்போது ஆபத்து கூட; ஆபத்துக் குறைந்த தேர்வுக்கு ஆயுள் குறைவு. இதில் என் சாய்வு இப்படி: 128 மெகாபைட் பெட்டி, பூட்ராம் 121, கையில் கம்பி இருக்கிறது என்றால் துணிந்து ஓப்பன்டபிள்யூஆர்டி. எழுதுவதற்கு முன் அந்தப் புதிய யூ-பூட்டை ஒருமுறை கேடபிள்யூபூட்டால் ரேமில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் நாண்டிலும் ஓடும் என்று நம்பலாம், மீட்பு வழி வேலை செய்வதையும் அப்போதே பார்த்ததாகிவிடும். 512 மெகாபைட் ஷீவாபிளக், பூட்ராம் 111, வீட்டுக்குள் மட்டும் வேலை என்றால் யூ-பூட்டைத் தொடாமல் புக்வர்ம். உறங்கும் புலியை எழுப்பவேண்டாம்.

டெபியன் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: பூட்ஆர்க்ஸ் மாறியில் கன்சோல் டிடிஒய்எஸ்0, 115200 என்று கெர்னலுக்குச் சொல்ல மறந்தால், யூ-பூட் நன்றாகப் பேசிவிட்டு, கெர்னல் விரிகிறது என்ற வரியோடு அமைதியாகிவிடும். உள்ளே இன்ஸ்டாலர் உங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நீங்களோ நிறுவல் தோற்றது என்று நினைத்துப் பவரைப் பிடுங்குவீர்கள். வீட்டுப் புகைப்படக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இன்ஸ்டாலரில் யூடிஎஃப்-8 லொகேலை (மொழி, எழுத்து அமைப்பு) தேர்ந்தெடுங்கள். லொகேல் வெறும் சி ஆக இருந்தால், பட்டியல் கேட்கும்போது தமிழ்ப் பெயர்கள் எண் குவியலாக வரும். எழுத்தை வரைவது உங்கள் மடிக்கணினியின் டெர்மினல் என்பதால், மற்றபடி பெட்டியில் தமிழ் எழுத்துரு எதுவும் தேவையில்லை.

ரூட் ஃபைல்சிஸ்டத்தை எங்கே வைப்பது? டெபியன் என்றால் யூஎஸ்பி குச்சியிலோ சாட்டா வட்டிலோதான். நாண்டில் அல்ல. குச்சி கெட்டால் பிடுங்கி வேறு செருகலாம், நாண்ட் தேய்ந்தால் பெட்டியே போயிற்று. ஓப்பன்டபிள்யூஆர்டி குறைவாகவே எழுதும், யூபிஐ அடுக்கு கெட்ட கட்டங்களைப் பார்த்துக்கொள்ளும். அது நாண்டிலேயே இருக்கலாம்.

இன்று வாங்கலாமா

கையில் இருப்பதை எழுப்புவது வேறு. எழுப்புவதற்காகவே வாங்குவது வேறு. வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், ஒரு விதிவிலக்கோடு: பூட்லோடர் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள நினைக்கும் பாலிடெக்னிக் மாணவருக்கு, கம்பியும் ஜேடாக்கும் உள்ளேயே இருக்கும் ஷீவாபிளக்கைப் போன்ற மலிவான பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. வேலைக்காகத் தேவைப்படுகிறவர்கள் ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூவைப் பார்க்கட்டும். 2021-இல் 15 அமெரிக்க டாலருக்கு வந்தது, நான்கு கோர், 64 பிட், அதே 512 மெகாபைட் ரேம். ஈதர்நெட் துளை இல்லை என்பது குறை. ஆனால் நோட்.ஜேஎஸ் போன்றவை ஏஆர்எம்வி5-இல் ஓடாது என்று தலையில் கை வைக்க வேண்டாம். அதன் பூட்லோடர் எஸ்டி அட்டையில் இருக்கிறது. என்ன கெடுத்தாலும் அட்டையை எடுத்து மறுபடி எழுதினால் போதும்; இந்தக் கட்டுரையில் பாதி அதற்குத் தேவையே படாது.

குருபிளக்கை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள். அதன் பிளஸ் மாதிரி சூட்டுக்குப் பேர்போனது. குளிர்சாதனம் ஓடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் அது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிரீம்பிளக் அதைவிட மேல்: யூ-பூட்டுக்குத் தனியாக 2 மெகாபைட் எஸ்பிஐ ஃபிளாஷ், லினக்ஸுக்கு உள்ளேயே ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை. அட்டை செத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் முயன்றும் எழவில்லை என்றால் குப்பைச் சரிவில் போடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் திட்டத்தில் மின்கழிவுத் தொட்டிகள் தீவெங்கும் வைக்கப்பட்டுள்ளன, பெட்டியும் அடாப்டரும் அதற்குள் போகலாம். டிரீம்பிளக் என்றால் உள்ளே இருக்கும் மைக்ரோ எஸ்டி அட்டையைக் கழற்றிய பிறகு போடுங்கள். யூஎஸ்பி-டிடிஎல் கம்பியைப் போட வேண்டாம். அடுத்த ரவுட்டர் மக்கர் பண்ணும்போது அது வேண்டியிருக்கும்.